சாவி இல்லாத பத்து நாள்

7 ஜூலை 2023, வெள்ளி

மாலை இருப்பு எடுத்து முடித்ததும் மேலாளர் கூப்பிட்டார். திங்களிலிருந்து பத்து வேலை நாள் எனக்கு விடுப்பாம். நான் கேட்டு வாங்கியது இல்லை, அவர்களாக அனுப்புகிறார்கள். நான் வேலை பார்க்கும் கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கிக்காக வங்கிகள் நோட்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம்) போன்ற இடங்களில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரே மூச்சில் குறைந்தது பத்து வேலை நாள் வெளியே அனுப்ப வேண்டும் என்று 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தில்லுமுல்லு ஏதும் இருந்தால் ஆள் இல்லாதபோது வெளிப்பட்டுவிடும் என்பதற்காகப் போட்ட விதி. அந்த நாட்களில் வேலை தொடர்பான எதையும் தொடக் கூடாது. அலுவலக மெயில் மட்டும் பார்க்கலாம்.

மே 19-ம் தேதி இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து ஏழு வாரமாகக் கிளைகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. ஆயிரம் நோட்டு ஒரு கட்டு, கட்டுக்கு இருபது லட்சம். ஒரு நோட்டு கணக்கில் இடித்தால் அன்று தூக்கம் கிடையாது. இந்த நேரத்தில் போய் விடுப்பா என்று முதலில் கோபம்தான் வந்தது. பெட்டகத்தை இருவர் சேர்ந்துதான் திறக்க முடியும்; அந்தக் கூட்டுச் சாவியில் என் சாவியைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தபோது விரல்கள் நடுங்கின.

10 ஜூலை, திங்கள்

கல்லிடைக்குறிச்சி, அம்மா வீடு. மூன்று மணிக்கே விழிப்பு. கை தானாகத் தலைமாட்டில் சாவியைத் துழாவுகிறது. பகலெல்லாம் தூங்கினேன். எழுந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலி.

11 ஜூலை, செவ்வாய்

போன் அடிக்கவில்லை. மாலை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

13 ஜூலை, வியாழன்

பக்கத்து வீட்டு அத்தை அப்பளம் போடுகிறார். எங்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதானே. சும்மா உட்காராமல் நானும் போனேன். உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் பிரண்டைச் சாறும் சேர்த்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். இழுத்தால் ரப்பர் மாதிரி வரும்வரை விடக் கூடாது. அப்புறம் அதைக் கயிறுபோல் உருட்டி, நூலால் அறுத்துத் துண்டு போட்டு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதல் இருபது, என் கையில் இலங்கை வரைபடம்போல் வந்தது. இருபத்தைந்துக்கு மேல் வட்டம் பிடிபட்டது. தேய்த்ததை அடுக்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, அது என்ன நோட்டா? எண்ணாம காயப் போடு."

கட்டைவிரல் நுனி காய்ப்பு ஏறிக் கிடக்கிறது. எண்ணெய் பட்டு இன்று கொஞ்சம் மிருதுவாக இருந்தது.

சபீனா சொனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007-ல் எழுதியதை இரவு படித்தேன். வேலைக்குப் பின் மனம் தேற நான்கு வழி சொல்கிறார்கள்: வேலையிலிருந்து மனம் விடுபடுவது, ஓய்வாக இருப்பது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது. திங்களன்று பகல் முழுக்கத் தூங்கியும் தேறாத மனம் இன்று உலக்கை பிடித்ததில் தேறியது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

15 ஜூலை, சனி

முன்பு கடன் பிரிவில் இருந்தபோதும் விடுப்பு எடுத்திருக்கிறேன். தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்று அலுவலகத்துக்குப் போனில் ஒரு கோப்பு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் காதில் விழுந்தது, தாலி ஏறியதைப் பார்க்கவில்லை. ஐந்து நாள் விடுப்பு என்றுதான் பதிவேட்டில் இருக்கும். அதை விடுப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருடனைப் பிடிக்கப் போட்ட ஒரு விதிதான் எனக்கு உண்மையான விடுப்பைக் கொடுத்திருக்கிறது. கடன் பிரிவுக்கும் இது வேண்டும். தாதியருக்கும், கணினி வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

17 ஜூலை, திங்கள்

ஆடி முதல் தேதி, அமாவாசையும்கூட. இந்த ஆடியில் இரண்டு அமாவாசை வருகிறது. பாபநாசத்தில் அப்பாவுக்கு அண்ணன் தர்ப்பணம் கொடுத்தான். நான் படித்துறையில் இறங்கி முங்கினேன். பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர் சுளீரென்று இருந்தது. கரையேறித் தலை துவட்டும்போதுதான் உறைத்தது: நேற்றுக் காலையிலிருந்து செஸ்ட் நினைப்பே வரவில்லை.

நீண்ட விடுப்பில் போனவர்களைத் தொடர்ந்து கவனித்த ஜெசிகா த ப்ளூம் குழுவின் நெதர்லாந்து ஆய்வில், எட்டாம் நாள் வாக்கில் மனமும் உடம்பும் உச்சத்துக்கு வந்தன என்கிறார்கள். இன்று எனக்கு எட்டாம் நாள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதுதான் உறுத்துகிறது.

21 ஜூலை, வெள்ளி

சாவி திரும்பக் கைக்கு வந்தது. இருப்பு சரியாக இருந்தது. எனக்குப் பதிலாக இருந்த சாருக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. பத்து நாளில் ஒருமுறைகூட என்னை அழைக்காமல் எல்லாச் சந்தேகத்தையும் அவரே மல்லுக்கட்டித் தீர்த்திருக்கிறார். அம்மா கொடுத்துவிட்ட அப்பளத்தில் ஒரு கட்டு அவருக்கு.

அவருக்கும் ஒரு நாள் இப்படித் திடீரென்று வரும். அன்று அவர் போனும் அடிக்கக் கூடாது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எந்தப் பதிவேடு எந்த நாள் முடிக்க வேண்டும், எண்ணும் இயந்திரம் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் இருவர் வேலையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இரவு ஏழு மணி வரை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான்கு பக்கம் ஆகியிருக்கிறது.