வினாகிரியின் அமில அளவு: 0.1 மூலர் காரத்தில் தொடங்கி 100 மில்லிலீற்றர் கணக்கு வரை

கொழும்பு புறக்கோட்டைக் கடையில் வாங்கிய ஒரு போத்தல் வினாகிரி. அதன் 100 மில்லிலீற்றரில் எத்தனை கிராம் அசற்றிக் அமிலம் இருக்கிறது? உயர்தர மாணவருக்கும் முதலாண்டு இரசாயன மாணவருக்கும் பழக்கமான கேள்விதான். வினாகிரியை நியமிப்பது, அதாவது செறிவு தெரிந்த காரத்தைத் துளித்துளியாக விட்டு அதன் அமிலத்தை அளப்பது, பத்து நிமிட வேலை. விடை சரியா பிழையா என்பது அதற்கு முன்பே, அந்தக் காரமான சோடியம் ஐதரொட்சைட்டைத் தயாரிக்கும் இடத்தில் முடிவாகிவிடும்.

சோடியம் ஐதரொட்சைட்டை நிறுத்துக் கரைத்தால் மட்டும் நியமக் கரைசல் (செறிவு சரியாகத் தெரிந்த கரைசல்) கிடைக்காது. கொழும்புக் காற்றின் ஈரத்தில் வில்லைகள் தராசுத் தட்டிலேயே பளபளத்து ஒட்டத் தொடங்கும். இலக்கம் ஏறிக்கொண்டே போகும். நீரோடு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் அவை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஏறக்குறைய 4 கிராமை விரைவாக நிறுத்து, கொதிக்க வைத்து மூடி ஆறவிட்ட வடிநீரில் கரைத்து 1 லீற்றராக்கி, பொலித்தீன் போத்தலில் மூடி வைத்தோம். இது கிட்டத்தட்ட 0.1 மூலர், அதாவது லீற்றருக்கு 0.1 மூல். சரியான செறிவை இன்னொரு பொருளே சொல்ல வேண்டும்.

அந்தப் பொருள் பொற்றாசியம் ஐதரசன் தலேற்று. மூலர் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 204.22 கிராம். ஈரத்தை இழுக்காது, நிலையானது, ஒரு மூலுக்கு ஒரு மூல் காரத்தோடு தாக்கமடையும். 110 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, உலர்த்தியினுள் (ஈரமுறிஞ்சி வைத்த மூடிய பாத்திரம்) முழுதாக ஆறவிட்ட பிறகே நிறுக்க வேண்டும். சூடாக வைத்தால் மேலெழும் காற்று தட்டைத் தூக்கி நிறையைக் குறைத்துக் காட்டும்.

எடுத்தது 0.5124 கிராம். 204.22 ஆல் வகுத்தால் 2.509 மில்லிமூல். ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் நீரில் கரைத்து காரத்தில் இளஞ்சிவப்பாகும் காட்டியான பினோப்தலீனில் இரண்டு துளி இட்டு நியமித்தபோது சென்ற காரம் 24.85 மில்லிலீற்றர். 2.509 ஐ 24.85 ஆல் வகுக்க 0.1010 மூலர்.

ஐதரோகுளோரிக் அமிலத்தையும் மெதைல் செம்மஞ்சள் என்ற இன்னொரு காட்டியையும் வைத்துக் காரத்தின் செறிவைக் கண்டால் என்ன என்று கேட்கலாம். காரம் இழுத்த காபனீரொட்சைட்டால் உருவான காபனேற்று அதில் கலந்திருந்தால் மெதைல் செம்மஞ்சள் அதை முழுதாக எண்ணும், பினோப்தலீன் பாதியைத்தான் எண்ணும். பிறகு வினாகிரியை பினோப்தலீனில் நியமிக்கும்போது, இருப்பதைவிடக் கூடிய அமிலம் கணக்கில் வரும். இரண்டு நியமிப்புக்கும் ஒரே காட்டி என்றால் இந்தப் பிழை பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

அடுத்து வினாகிரி. நேராக நியமித்தால் 25 மில்லிலீற்றருக்கு அளவியை (காரத்தை விடும் அடைப்பானுள்ள அளவுக் குழாய்) மூன்று நான்கு முறை நிரப்ப நேரும். 10.00 மில்லிலீற்றரைக் குழாயியால் (குறித்த கனவளவை எடுத்து இறக்கும் கண்ணாடிக் குழாய்) எடுத்து 100 மில்லிலீற்றர் கனமானக் குடுவையில் குறிவரை ஐதாக்கி, அதில் 25.00 மில்லிலீற்றர் வீதம் எடுத்தோம். தென்னங்கள்ளு வினாகிரியின் மங்கிய மஞ்சளும் இப்படி ஐதாக்கும்போது வெளிறிவிடுவதால் இளஞ்சிவப்பு தெளிவாகத் தெரியும்.

குழாயியின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதக் கூடாது. அந்தத் துளியையும் கணக்கில் எடுத்தே குழாயி அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. குடுவையின் சுவரில் நுனியைத் தொட வைத்தால் போதும். அளவியை நிரப்பும் கரைசலாலேயே அலச வேண்டும். நியமிப்புக் குடுவையை நீரால் மட்டும். அங்கே வினாகிரியால் அலசினால் அளவிடாத அமிலம் சேரும். புனலை அளவியின் மேல் விட்டுவிட்டால் நடுவில் ஒரு துளி விழும். அடைப்பானுக்குக் கீழே ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழி இன்னும் மோசம். அது நடுவில் வெளியேறினால் அதன் கனவளவு அப்படியே வாசிப்பில் சேரும்.

முடிவுப் புள்ளி மிக மெல்லிய இளஞ்சிவப்பு. வெள்ளைத் தாளின் மேல் குடுவையைச் சுழற்றிப் பார்க்க, 30 செக்கன் நிலைத்தால் சரி. சிறிது நேரத்தில் அது மங்குவது காபனீரொட்சைட்டின் வேலை. அதற்காக இன்னொரு துளி விடக் கூடாது. கடும் ரோஜா நிறம் வந்துவிட்டால் அந்த வாசிப்பை ஒதுக்கிவிடுங்கள். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர், 17 மில்லிலீற்றரில் அது 0.3 வீதப் பிழை.

வந்த வாசிப்புகள் 17.55, 17.30, 17.30. முதலாவது பருமட்டானது, சராசரியில் சேராது.

17.30 ஐ 0.1010 ஆல் பெருக்க 1.747 மில்லிமூல், இது 25 மில்லிலீற்றருக்கு. 100 மில்லிலீற்றர் குடுவைக்கு நான்கு மடங்கு, 6.989 மில்லிமூல். இவ்வளவும் முதலில் எடுத்த 10 மில்லிலீற்றரில் இருந்தது. அசற்றிக் அமிலத்தின் மூலர் திணிவான 60.05 ஆல் பெருக்க 419.7 மில்லிகிராம். ஆகவே 100 மில்லிலீற்றரில் 4.20 கிராம். அந்த நான்கை மறந்தவருக்கு 1.05 என்று வரும். அதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

எங்கள் ஊருக்கென்று ஒரு பிரச்சினையும் உண்டு. கண்ணாடிக் கருவிகளின் அளவுகள் 20 பாகைக்கானவை. 30 பாகை மேசையில் 25 மில்லிலீற்றர் குழாயி இறக்கும் நீரை நிறுத்தால் ஏறக்குறைய 24.87 கிராம்தான் வரும். குழாயி பழுது என்று நினைத்துத் தூக்கி எறியாதீர்கள். குளிரூட்டிய அறையில் 24 பாகையில் காரத்தின் செறிவைக் கண்டுவிட்டு, 30 பாகை மேசையில் வினாகிரியை நியமித்தால் கரைசலின் விரிவே 0.16 வீத வேறுபாட்டைத் தரும். இரண்டையும் ஒரே அறையில் ஒரே பொழுதில் முடிப்பதே நல்லது.

இந்த 4.20 மொத்த அமிலத்தின் அளவு மட்டும்தான். கள்ளிலிருந்து வந்த அசற்றிக் அமிலமா, ஐதாக்கிய செயற்கை அசற்றிக் அமிலமா என்று காரத்துக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் அளவியை உடனே நீரால் அலசுங்கள். கண்ணாடி அடைப்பானில் காரம் தங்கினால் மறுநாள் அது திரும்பாது.