ஏன் பதினோரு மணிக்குச் சாப்பிடுறேன்னு கேக்கலியேம்மா?

பேஷன்ட்கள் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள உதவும் ஹெல்த் கோச் வேலைக்கு முதல் இன்டர்வியூ போனபோது எண்களையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டால் சர்க்கரை நோய், 5.7-லிருந்து 6.4 வரை அதற்கு முந்தைய கட்டம். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. நம் ஊர்க்காரர்களுக்கு 23-லேயே அதிக எடை. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்.

ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இன்டர்வியூ எடுத்தவர் பேஷன்டாக நடித்து, "நான் ஆட்டோ டிரைவர், சுகர் இருக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா சாப்பிடுறேன். பேசுங்க" என்றார். பரோட்டாவின் கெடுதலை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். "ஏன் பதினோரு மணிக்குச் சாப்பிடுறேன்னு கேக்கலியேம்மா?" என்றார். வேலை கிடைக்கவில்லை. கிண்டியிலிருந்து பெரம்பூர் வரும்வரை அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது.

அப்புறம்தான், மாற வேண்டிய காரணத்தை அவரவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சுமுறையான மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்கை ஒழுங்காகப் படித்தேன். குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு பேசும் விதம் பற்றி 1983-ல் வில்லியம் மில்லர் எழுதியதில் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து வளர்த்த முறை. திறந்த கேள்வி கேட்பது, எதிரே இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் புரிந்துகொண்டதைக் காட்டுவது. படிக்கச் சுலபம், வாயில் வருவதுதான் கஷ்டம்.

பயிற்சிக்குப் பெரியம்மாவிடம் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக சுகர். போனில் ரெக்கார்ட் செய்து கேட்டால், பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் என் குரல். நாலாவது நாள், "சாப்பாட்டுல எது கஷ்டமா இருக்கு பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். வெகுநேரம் கழித்து, "மிஞ்சுன சோத்தக் கொட்ட மனசு வராதுடி. நான்தான் சாப்ட்டு முடிப்பேன்" என்றார். இத்தனை வருஷத்தில் எந்த டயட் சார்ட்டும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. "என்ன செய்யலாம்?" என்றேன். "அரிசியே அரை ஆழாக்கு குறைச்சுப் போடுறேன்" என்று அவரே சொன்னார்.

இரண்டாவது இன்டர்வியூ பெருங்குடியில். "சுகர் மாத்திரை மெட்ஃபார்மினைப் பாதியா உடைச்சுப் போட்டுக்கவான்னு பேஷன்ட் கேட்டா?" என்றார்கள். ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்பேன், சுகர் அளவுகளை டாக்டருக்கு அனுப்புவேன், டோஸை நான் தொடமாட்டேன் என்றேன். தலையசைத்தார்கள். பெரியம்மா கதையையும் பெயர் சொல்லாமல் சொன்னேன்.

போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஒரு கோச்சுக்கு எத்தனை பேஷன்ட், பேக்கேஜ் விற்க டார்கெட் உண்டா? கோச் என்ற பெயரில் சேல்ஸ் வேலை நிறைய இருக்கிறது. நான் கேட்டேன். டார்கெட் இல்லை என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தந்தார்கள். திங்கள்கிழமை சேர்கிறேன்.