நெற்றிக் கோடுகள்

டிசம்பர் 28
விடியும்போது கேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க உறைபனி. இரண்டு இமையும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. குளிர் என் கண்ணுக்கு நல்லது. முதல் தடவை டாக்டர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இடது கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது தொங்கிய இமை ஏறியிருந்தது. தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய், மயஸ்தீனியா என்ற பெயரை அன்றுதான் கேட்டேன்.

டிசம்பர் 29
அண்ணி போன். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் சேர்த்து கோவையில் நெற்றிக் கோடு மறைய போடாக்ஸ் ஊசி. முன்பணம் கட்டிவிட்டாராம். "அஞ்சு நிமிஷ வேலை கண்ணு, போட்டோவுல நெத்தி பளிச்சுன்னு இருக்கும்." சரி அண்ணி என்றுவிட்டேன்.

டிசம்பர் 30
நாலு மணி மாத்திரையை மறந்துவிட்டேன். ராத்திரி தோசை மெல்ல முடியாமல் கஞ்சி.

ஜனவரி 2
கண்ணாடி முன்னால் உள்ளங்கையால் நெற்றியை அழுத்திப் பிடித்தேன். கோடுகள் மறைந்தன. இடது கண் பாதி மூடிக்கொண்டது. கையை எடுத்ததும் கோடுகள் வந்தன, கண் திறந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன். இமைத் தசைக்குத் தெம்பில்லை, அதனால் நெற்றித் தசை புருவத்தோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. நாள் முழுக்க. அந்த இழுப்புதான் கோடு. அதைத்தான் ஊசி போட்டுத் தளர்த்தப் போகிறார்கள்.

ஜனவரி 3
கோவைக்குப் போகும் வழியில், மலையடிவாரக் கல்லாறு தாண்டி வெக்கை ஏறியதும் இமை இறங்கிவிட்டது. கிளினிக் படிவத்தில் சர்க்கரை, பிரஷர், கர்ப்பம், அலர்ஜி. நரம்பு, தசை பற்றி ஒரு கேள்வி கிடையாது. ஓரத்தில் நானே எழுதினேன். "தைராய்டு மாதிரிதானே மேடம்? அவங்கெல்லாம் போட்டுக்கறாங்க" என்றது படிவம் வாங்கிய பெண். இல்லையம்மா, தைராய்டு வேறு, இது வேறு. நரம்பு முனையிலிருந்து அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து தசையைத் தொட்டால்தான் தசை அசையும். தசை அதை வாங்கும் இடத்தை என் உடம்பே கெடுக்கிறது. போடாக்ஸ் நரம்பு அதை அனுப்புவதையே தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்? உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, நரம்பு டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

ஜனவரி 4
நரம்பு டாக்டர் கடிதமே தரவில்லை. வேண்டவே வேண்டாம் என்றார். இமை, விழுங்குவது, மூச்சு என்று எதுவும் மோசமாகலாமாம். சுருக்கத்தை நிரப்பப் போடும் ஹயலுரானிக் ஃபில்லர் என்றால் கரைக்கவாவது ஒரு மருந்து இருக்கிறது. போடாக்ஸ் நரம்புக்குள் போய்விட்டால் மூன்று, நான்கு மாதம் அது தானாக விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஜனவரி 5
அண்ணி பேசவில்லை.

ஜனவரி 7
தூக்கமில்லை. நோய் தெரியாமல் திரிந்த அந்த இரண்டு வருடத்தை நினைக்கிறேன். அசதி என்று நினைத்து மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினேன். அப்போது அந்தப் படிவம் கையில் வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருப்பேன், பொய்யே இல்லாமல். 'சாயங்காலம் இமை கனக்கிறதா, பார்ப்பது இரண்டாகத் தெரிகிறதா, மெல்லும்போது தாடை சோர்கிறதா' என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

ஜனவரி 8
எழுதிவிட்டேன். ஒரு பக்கம்.

ஜனவரி 9
மேகமூட்டம், பனி இல்லை. காலையிலேயே இடது இமை இறங்கியிருக்கிறது. அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்