நிலாவாரை டீ

பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்தது. எடை மெஷினை போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘மூலிகை ஸ்லிம் டீ’, ராத்திரி படுக்கும் முன் ஒரு பை. விடிகாலை நாலு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரிலிருந்து வந்த அம்மா ஒரு பையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினாள். பழுப்பேறிய பச்சை இலைத்தூள். மோந்து பார்த்தாள். “ஏட்டி, இது நிலாவாரைல்லா? உங்க தாத்தா வயல்ல போட்டது. மலச்சிக்கலுக்குல்லா குடிப்பாவ!”

டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்தில் ‘சென்னா’. எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து, ‘டின்னவேலி சென்னா’ என்று ஊர்ப் பெயரோடு கப்பலேறும் அதே இலை.

அதிலுள்ள, பேதியாக்கும் சென்னோசைடு என்ற பொருள் வேலை காட்டுவது பெருங்குடலில், குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில். சோறும் எண்ணெயும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு உடம்போடு சேர்ந்துவிடும். அப்புறம் போவதெல்லாம் தண்ணீரும் உப்பும்தான். நாள்பட்டால் பொட்டாசியமும் சேர்ந்து குறையும். என் கெண்டைக்கால் அப்படிப் பிடித்து இழுத்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. கொழுப்பு மட்டும் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது.

டீயை நிறுத்திய நாலாம் நாள் இரண்டு கிலோவும் திரும்பி வந்தாயிற்று. குழுவிலிருந்து அந்த போட்டோவை இன்னும் நீக்கவில்லை. சித்தி வேறு, எங்கே வாங்கினாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.