தூணா, கண்ணா: 'மெட்ராய்டு பிரைம் ஹன்டர்ஸ்' நாட்குறிப்பு

ஜனவரி 3

இரண்டு திரை கொண்ட என் பழைய கையடக்க ஆட்டக் கருவி, நின்டெண்டோ டிஎஸ், இன்னும் சார்ஜ் ஏற்கிறது. 2006-இல் வெளிவந்த 'மெட்ராய்டு பிரைம் ஹன்டர்ஸ்' ஆட்டத்தை இத்தனை ஆண்டு கழித்துத் தொடங்கியிருக்கிறேன். காட்சி மேல் திரையில். கீழ்த் திரையில் ஸ்டைலஸை இழுத்தால் ஆட்டநாயகி சாமஸின் பார்வை திரும்புகிறது. இரண்டு முறை தட்டினால் குதிக்கிறாள். இதே மெட்ராய்டு தொடரின் 'பிரைம்' முதல் பாகத்தில் எதிரியின்மேல் குறியைப் பூட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றிச் சுடலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. முதல் அரை மணி நேரம் சுவர்களைத்தான் சுட்டேன்.

ஜனவரி 4

கை பழகிவிட்டது. கணினியில் மவுஸைப் பிடித்துச் சுடுகிற அதே துல்லியம். ஜாய்ஸ்டிக்கில் இது எனக்கு வாய்த்ததே இல்லை.

ஆனால் இடது மணிக்கட்டு கெஞ்சுகிறது. வலது கை ஸ்டைலஸுக்குப் போய்விடுவதால் கருவியின் எடை முழுவதும் இடது கையில். அதே கையின் கட்டைவிரல்தான் சாமஸை நடத்த வேண்டும். ஆள்காட்டி விரல்தான் எல் பொத்தானை அழுத்திச் சுட வேண்டும். மடியில் தலையணையைப் போட்டு அதன்மேல் கருவியைச் சாய்த்துக்கொண்டேன். கொஞ்சம் தேவலை.

ஜனவரி 7

ஆட்டத்தில் தேடிச் சேர்க்க வேண்டிய பொருளான ஆக்டோலித்தில் முதலாவது கிடைத்தது. எடுத்த கணமே கடிகாரம் பின்னோக்கி ஓட, கப்பலை நோக்கித் தலைதெறிக்க ஓடினேன்.

1986-இல் தொடங்கிய இந்தத் தொடரில் எனக்குப் பிடித்ததே தனிமைதான்: ஆளற்ற கோள், வழி தெரியாத நடை. இதிலோ சாமஸையும் சேர்த்து ஏழு வேட்டையர்கள் ஒரே பொருளுக்கு அலைகிறார்கள். கதவு திறந்தால் எதிரே ஒருவன் நிற்கிறான். அவனிடம் செத்தால் ஆக்டோலித்தையும் பறித்துக்கொள்கிறான். தனிமை போயிற்று, பதிலுக்கு வந்த பதற்றம் மோசமில்லை.

ஜனவரி 8

அந்த வேட்டையர்களில் ஒருவனான டிரேஸ் ஆக்டோலித்தைப் பறித்துக்கொண்டு போனான். இன்று இவ்வளவுதான்.

ஜனவரி 12

ஆக்டோலித் எட்டு, அவற்றுக்குக் காவலும் எட்டு. உருவம் மட்டும் இரண்டே: கண்கள் பதித்த தூண், இல்லையென்றால் ஒற்றைப் பெருங்கண். சின்னச் சின்ன மாற்றங்களோடு ஒவ்வொன்றும் நான்கு முறை வருகிறது. அடுத்த அறையில் தூணா, கண்ணா என்று பந்தயம் கட்டலாம். கார்ட்ரிட்ஜில் இடம் போதவில்லையோ என்னவோ, பார்க்கிற எனக்கு இது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது.

ஜனவரி 15

நின்டெண்டோ டிஎஸ்ஸின் இணையச் சேவை 2014 மே மாதத்திலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே பலர் ஆடும் பகுதியில் கணினி இயக்கும் எதிரிகளோடு மோதினேன். ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டிரேஸ் இம்பீரியலிஸ்ட் துப்பாக்கியோடு அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியமாட்டான். இன்னொரு வேட்டையன் ஸ்பையர் உருமாறிச் சுவரில் ஏறுகிறான். மற்றொருவன் வீவல் இடுப்போடு இரண்டாகப் பிரிகிறான். கீழ்ப்பாதி நின்ற இடத்தில் பீரங்கியாகிச் சுட, மேல்பாதி ஊர்ந்துபோய் வெட்டுகிறது. இதனோடு ஒப்பிட்டால் கதைப்பகுதி வெறும் பயிற்சிக்களம்.

ஜனவரி 16

கடைசி எதிரியான கோரியாவை இன்னும் எட்டவில்லை. அதற்குமுன் ஒரு தூணோ கண்ணோ மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு வீவலாக இன்னும் மூன்று சுற்று ஆடினேன்.