முயல் ஓடையைத் தேடி

ஜூன் 19, வியாழன்

கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கான். இங்கே தங்கம் கிடைத்த முயல் ஓடையைப் பார்க்க வந்திருக்கிறேன். ஒயிட்ஹார்ஸிலிருந்து காரில் சுமார் 530 கிலோமீட்டர். டாசன் வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. வெயில் நம்மூர் மாலை ஐந்து மணி வெயில் மாதிரி அடிக்கிறது. பன்னிரண்டு தாண்டித்தான் சூரியன் மறையும் என்றார் விடுதிக்காரர்.

தெருவெல்லாம் மண், நடைபாதை பலகை. அடிமண் கோடையிலும் உறைந்தே கிடக்கிறது. வீட்டுச் சூடு இறங்கி அது இளகினால் சுவர் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த இரண்டு பழைய கட்டடங்கள், கல்யாண வீட்டில் தூங்கி வழியும் பெரியவர்கள் போல, ஒன்றின் தோளில் ஒன்று தலை வைத்திருக்கின்றன.

ஜூன் 20, வெள்ளி

ஊருக்குப் பின்னாலுள்ள மிட்நைட் டோம் குன்றில் ஏறினேன். வண்டல் கலங்கிய யூக்கான் ஆறும், அதில் வந்து சேரும் தெளிந்த க்ளோண்டைக்கும் கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடுகின்றன. அந்த முனையை ஒட்டிய சதுப்புத் திட்டில்தான் ஊர்.

1896இல் தங்கம் என்ற சேதி கேட்டதும் எல்லோரும் ஓடைக்கு ஓட, ஜோசப் லாடு என்ற வியாபாரி மட்டும் இந்தச் சதுப்பைத் தன் பெயரில் பதிந்துகொண்டார்; மரம் அறுக்கும் ஆலையையும் கொண்டுவந்தார். வருகிறவனுக்கு மனையும் பலகையும் வேண்டுமே! என் கணக்கில் இங்கே வந்தவர்களில் கெட்டிக்காரர் அவர்தான்.

தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்தது 1897 ஜூலையில். சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பியதாகச் சொல்வார்கள். ஓராண்டு உணவில்லாமல் எல்லைக்குள் விடமாட்டோம் என்றது கனடாவின் காவல்படை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் மூட்டைகளைச் சில்கூட் கணவாயில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிச் சுமந்தார்கள். 1898 கோடையில் வந்து சேர்ந்தால், நல்ல ஓடைகள் எல்லாம் தோண்டும் உரிமைத் துண்டுகளாக முன்பே பங்கு போட்டு முடிந்திருந்தன. அந்த ஆண்டு ஊரில் ஏறத்தாழ 30,000 பேர். மறுவருஷம் அலாஸ்காவின் நோமில் தங்கம் என்றதும் கூட்டம் அங்கே பாய்ந்தது. இன்று 1,500 சொச்சம்.

ஜூன் 21, சனி

முதற்குடிகள் நாள். ஆற்றங்கரையில் பறை போன்ற தட்டை மேளத்துடன் பாடினார்கள். எதிரே, க்ளோண்டைக் முகத்துவாரத்தில் இருந்தது ட்ரோச்செக், இங்கத்திய பூர்வகுடிகளான ஹான் மக்களின் சால்மன் மீன்பிடி முகாம். மீன் வேலிக்கு முளை அடித்த சுத்தியல் கல்லால் ஆற்றுக்கு ட்ரொன்டெக் என்று பெயர். வந்தவர்கள் வாயில் அது க்ளோண்டைக் ஆயிற்று.

கூட்டம் நெருக்கியபோது தலைவர் ஐசக் தம் மக்களைக் கீழாற்றில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி மூஸ்ஹைடுக்கு அழைத்துப் போனார். பாடல்களையும் ஆடல்களையும் அலாஸ்காவிலிருந்த உறவினர்களிடம் ஒப்படைத்தார். நகையை, பத்திரத்தைக் கொடுத்து வைப்போம். பாட்டைக் கொடுத்து வைத்ததாக நான் கேட்டதில்லை. 1990களில் அவை வீடு திரும்பின. இன்று கேட்டது அவற்றில் எது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஒருவழியாக ஓடை. அன்று பெயர் முயல் ஓடை. 1896 ஆகஸ்ட் 16க்குப் பிறகு பொனான்சா. தங்கத்தை முதலில் கண்டது டாகிஷ் என்ற பூர்வகுடி இனத்தவரான கீஷ், அதாவது ஸ்கூக்கம் ஜிம் என்பது அவர் குடும்பத்தார் சொல்வது. கண்டுபிடித்தவருக்கு உரிய இரட்டைப் பங்கு அவருடைய சகோதரியை மணந்த ஜார்ஜ் கார்மாக் பெயரில் பதிவானது.

கனடாவின் பெரும்பகுதியைச் சுரண்டிய பனிப்பாறைகள் இந்த வட்டாரத்தை எட்டவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பொன் சரளைக்கடியில் அப்படியே தங்கிவிட்டது. குளிர்காலத்தில் விறகெரித்து உறைமண்ணை இளக்கி, குழி தோண்டிக் குவித்து, வசந்தத்தில் நீர் ஓடியதும் அலசினார்கள்.

சுற்றுலாக்காரர்களுக்கு இலவசமாக விட்டிருக்கும் ஆறாம் எண் பங்கில் நானும் தட்டு பிடித்தேன். பாட்டி அரிசியில் கல் அரித்த அதே சுழற்சிதான். என்ன, அங்கே அடியில் நிற்பதைக் கொட்டுவோம். இங்கே அதற்குத்தான் பாடு. முதுகு வலிக்க இரண்டு மணி நேரம், மூன்று துகள்.

அருகில் நான்காம் எண் டிரெட்ஜ், எட்டு மாடி உயர மர மிதவை. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்து, முன்னால் வாரி, பின்னால் கல்லைத் துப்பியபடி 1959 வரை பள்ளத்தாக்கைத் தின்றது. அது துப்பிய கற்குவியல்கள் வரி வரியாக மண்புழு எச்சம் போல மைல் கணக்கில் கிடக்கின்றன. நடுவே சின்னதாக ஒரு நீரோட்டம். அதுதான் ஓடை என்று காட்டித்தான் தெரிந்தது.

மேலே இன்னும் இயந்திரங்கள் தோண்டுகின்றன. லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போனது. நம் நகைக்கடைத் தெருக்களில் குப்பை மண்ணைக் கூட்டி அரிப்பவர்களிடம் என் கார் கண்ணாடியைக் காட்டியிருந்தால் துடைக்க விட்டிருக்கமாட்டார்கள்.