கருவிழியில் ஒரு சின்னச் சதுரம்

ராத்திரி பாட்டி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அதைப் படம் எடுக்க நினைத்தேன். ஃபிளாஷ் அடித்தால் கண்ணை மூடிவிடுவார்.

உள்ளங்கை அளவு எல்இடி விளக்கில் மெல்லிய வெள்ளைத் துணியைச் சுற்றி, இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400-க்கு ஏற்றினேன். அதனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது.

சரி என்று ஒரு மீட்டருக்கு நகர்த்தினேன். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஐஎஸ்ஓ 1600 போதுமானதாக இருந்தது. கிட்டே வந்ததும் முகச் சுருக்கங்களில் நிழலும் மிருதுவானது.

ஃபிளாஷில் நிழல் எங்கே விழுந்தது என்று படம் எடுத்த பிறகுதான் தெரியும். எல்இடி எரிந்துகொண்டே இருப்பதால் முன்பே கண்ணால் பார்த்து, விளக்கை ஒரு சாண் நகர்த்திக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பாட்டியின் கருவிழியில் அந்த விளக்கு சின்னச் சதுரமாக மின்னுகிறது. நூல் நுனி ஊசிக் காதுக்கு மயிரிழை தள்ளி நிற்கிறது.